கணக்கில் எழுதாத கூலி

சென்ற வாரம் என் வாழ்வின் முதல் வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்தேன். செலுத்த வேண்டிய வரி பூஜ்யம். திரும்பப் பெற வேண்டியதும் பூஜ்யம். ஆயினும் அந்தப் படிவத்தை நிரப்புவதற்காக நான் எழுதிய வரவு செலவுக் கணக்கு, கடந்த ஓராண்டில் நான் எழுதிய எந்தக் கட்டுரையைக் காட்டிலும் எனக்கு அதிகம் கற்பித்தது. உதவித்தொகை முடிந்த பிறகு ஏதேனும் ஒரு சிறுதொழிலைச் செய்துகொண்டே ஆய்வேட்டை எழுதும் நண்பர்கள் பலர் இங்கே இருப்பதால் இதைப் பகிர்கிறேன். பதிவு சற்று நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தில்லியில் மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நெட் தேர்வின் வழியாக நல்கை பெறாதவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் பல்கலைக்கழக மானியக் குழு வழங்கும் மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகைதான் எனக்குக் கிடைத்தது. 2015இல் அதை நிறுத்த முயன்றபோது மாணவர்கள் மானியக் குழு அலுவலகத்தின் முன் திரண்டு போராடியது பலருக்கு நினைவிருக்கும். அந்தத் தொகை நான்கு ஆண்டுகளுக்கு மட்டுமே. 2024 கோடையில் என் நான்கு ஆண்டுகள் முடிந்தன. ஆய்வேட்டில் இரண்டு இயல்கள் எஞ்சியிருந்தன.

அதே கோடையில், வேறொரு துறையில் ஆய்வு செய்யும் மதுரைக்கார அக்கா ஒருவருக்குக் குழந்தைப் பேற்று விடுப்பு முடிவுக்கு வந்தது. மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் பெண் ஆய்வாளர்களுக்கு ஆய்வுக்காலம் முழுமைக்கும் 240 நாட்கள் வரை இவ்வகை விடுப்பை அனுமதிக்கின்றன. 241ஆம் நாள் குழந்தையை யாரிடம் விடுவது என்பதற்கு விதிமுறைகளில் விடை இல்லை. அக்கா என்னிடம் வந்தார். “நீ வீட்ல உக்காந்துதான எழுதுற? பகல்ல மட்டும் பாத்துக்கிறியா? மாசம் அஞ்சாயிரம் தர்றேன்” என்றார். நான் உடனே ஒப்புக்கொண்டேன். ஜூலையில் அந்தக் குழந்தை வந்தது. செப்டம்பரில், செவிவழிச் செய்தியாகக் கேள்விப்பட்டு, மேலும் இரண்டு குழந்தைகள் வந்து சேர்ந்தனர். மூவருக்கும் அதே 5,000. முனிர்காவில் மூன்றாம் மாடியில் இருந்த அறையை முதல் குழந்தை வந்தபோதே விட்டுவிட்டு, மாதம் 4,000 கூடுதல் வாடகையில் தரைத்தளத்து வீட்டிற்கு மாறியிருந்தேன்.

“இப்போது என்ன செய்கிறாய்?” என்று ஊரில் கேட்டபோது சொல்வதற்கு எனக்கு ஒரு சொல் அகப்படவில்லை. இது ஒரு மொழியியல் மாணவிக்குச் சங்கடம்தான். ‘ஆயா’ போர்த்துகீசியத்திலிருந்து வந்த சொல். ஆனால் எங்கள் வேலூர்ப் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. அகப்பாடல்களில் தலைவியை வளர்க்கும் செவிலித்தாய் உண்டு. அவள் மகளே தோழி. அந்தப் பழஞ்சொல் இன்று மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. செவிலியர் என்றால் பயிற்சியும் சீருடையும் ஊதிய விகிதமும் உடைய பணியாளர். குழந்தையை வளர்க்கும் வேலைக்கு மிஞ்சியிருப்பது ‘பார்த்துக்கொள்’ என்னும் வினை மட்டும். என் ஆய்வுப் பொருளே தமிழ்த் துணைவினைகள்தான். ‘கொள்’ என்பது செயலின் பயன் செய்பவரையே சேர்வதைக் காட்டும் துணைவினை என இலக்கணங்கள் கூறும். வாங்கிக்கொண்டான், எழுதிக்கொண்டாள் போன்றவற்றில் அது பொருந்துகிறது. பிறர் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு அதில் சேரும் பயன் என்ன என்று நான் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்காததற்குக் காரணம், என்னிடம் கணக்கு இல்லை. மாதந்தோறும் 15,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுந்தது. 8,000 ரூபாயில் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தவளுக்கு அது பெருந்தொகையாகத் தெரிந்தது. அதே கணக்கிலிருந்தே என் வாடகையும் குழந்தைகளின் பாலும் என் நூல்களின் விலையும் போயின. டிசம்பரில் வீட்டு உரிமையாளருக்கு வாடகை தர ஒன்பது நாட்கள் தாமதமாயிற்று. வருமானம் ஏறக்குறைய இருமடங்காகியும் கையில் ஏன் எதுவும் இல்லை என்பது புரியவில்லை. அன்றிரவு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து ஜூலையிலிருந்து எழுதத் தொடங்கினேன்.

முதலில் வங்கி அறிக்கையை எடுத்து வரவுகளைக் குறித்தேன். எல்லாமே யுபிஐ வழியாக வந்தவை என்பதால் எதுவும் விடுபடவில்லை. ஆனால் அவற்றின் குறிப்புப் பகுதியில் ஒருவரும் ‘கட்டணம்’ என எழுதியிருக்கவில்லை. ‘நன்றி’, ‘பாப்பாவுக்கு’, ‘அன்புடன்’ என்றே இருந்தன. ஒரு மாதம் வெறும் இதயக் குறி.

செலவுகளை எழுதுவதுதான் கடினமாயிற்று. ஒரே பால் பாக்கெட்டில் குழந்தைகளுக்குப் பாலும் எனக்குத் தேநீரும் ஆயின. தில்லிக் குளிரில் நாள் முழுவதும் எரிந்த ஹீட்டரின் முன்னால் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். எது தொழிலின் செலவு, எது என் வாழ்வின் செலவு? ஒரு விதியை வகுத்துக்கொண்டேன்: குழந்தைகள் வராமலிருந்தால் இந்தச் செலவு நேர்ந்திருக்குமா? நேர்ந்திருக்கும் என்றால் அது என்னுடையது, இல்லையென்றால் தொழிலுடையது. ஆகவே முழு வாடகையை எழுதவில்லை. கூடுதலான 4,000 மட்டும். மின்கட்டணத்திலும் முந்தைய ஆண்டைக் காட்டிலும் மிகுந்த தொகை மட்டும்.

மார்ச் 31 அன்று கூட்டிப் பார்த்தேன். வரவு: ஒரு குழந்தைக்கு ஒன்பது மாதம், இருவருக்கு ஏழு மாதம், ஆக 1,15,000 ரூபாய். செலவு: கூடுதல் வாடகை 36,000, பால், பழம், பருப்பு, காய்கறி 19,300, மின்சாரம் 7,200, தரைவிரிப்பு, தொட்டில், சமையலறை வாயிலுக்குத் தடுப்புக் கதவு 11,500, பொம்மைகளும் படப் புத்தகங்களும் 4,000, சோப்பு, துடைப்புத் தாள், முதலுதவிப் பொருட்கள் 5,000. ஆக 83,000. மீதி 32,000.

அப்பா மளிகைக் கடை வைத்திருப்பவர். பிள்ளையார் சுழி போட்டு நாற்பது ஆண்டுகளாகப் பேரேடு எழுதுபவர். பெருமையோடு அவருக்குத் தொலைபேசியில் கணக்கை வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிதாம்மா. உன் கூலி எங்க?” என்றார்.

தனிநபர் தொழிலில் உரிமையாளர் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ளும் சம்பளத்தைச் செலவாகக் காட்டச் சட்டம் இடந்தராது, மீதியாகும் இலாபமே அவர் ஊதியம் என்று அன்றுதான் படித்ததை விளக்கினேன். அப்பா சிரித்தார். “சட்டத்துக்கு வேணாம். உனக்கு வேணும்ல? எத்தன மணி நேரம் பாத்த, அதையும் எழுது.”

நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம், மாதம் 22 நாட்கள், ஒன்பது மாதங்கள்: 1,782 மணி நேரம். குழந்தைகள் உறங்கும் இரண்டு மணி நேரத்தைக் கழிக்கலாமா என்று கேட்டேன். அப்போதுதானே ஆய்வேட்டை எழுதுகிறேன்! “கடைக்கு ஆள் வராத நேரமும் கடை தொறந்த நேரந்தான்” என்றார். 32,000ஐ 1,782ஆல் வகுத்தேன். மணிக்கு 18 ரூபாய்.

மாதக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 3,550 ரூபாய். 2024 அக்டோபர் முதல் தில்லியில் திறன்சாராத் தொழிலாளர்க்கு நிர்ணயிக்கப்பட்டிருந்த குறைந்தபட்சக் கூலி மாதம் 18,066 ரூபாய். ஊதியமற்ற பெண்ணுழைப்பைப் பற்றிக் கருத்தரங்குகளில் கேட்டுத் தலையசைத்தவள்தான் நான். அந்த எண் என் கையெழுத்தில் என் நோட்டில் வரும்வரை அது என்னைப் பற்றிய செய்தி என்று தோன்றியதே இல்லை.

இனி வரி. இதில் நான் அறிந்துகொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கல்விச் செலவுக்காக அளிக்கப்படும் உதவித்தொகைக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(16)ஆம் பிரிவு விலக்களித்தது. ஆகவே நான்கு ஆண்டுகள் நான் பெற்ற பணம் வரிக்குரிய வருமானமாகவே எண்ணப்படவில்லை. சட்டத்தின் கண்ணில் என் முதல் வருமானம் இந்தக் குழந்தைகள் வழியாக வந்ததுதான்.

“அன்பளிப்புன்னு காட்டிடு, தொல்லை இல்லை” என்றார் ஒரு நண்பர். அந்த அறிவுரை சட்டப்படியும் தவறு. உறவினரல்லாதோரிடமிருந்து ஓராண்டில் பெறும் அன்பளிப்புப் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமன்றி முழுத்தொகையுமே வருமானமாகக் கொள்ளப்படும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு: நான் பெற்றது அன்பளிப்பு அன்று. உழைப்புக்கு உரிய கட்டணம். ‘அன்புடன்’ என்று குறிப்பெழுதியதால் அது அன்பளிப்பாகிவிடாது.

சிறு தொழில்களுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஏடி பிரிவின்கீழ் எளிய வழி ஒன்று இருந்தது. மின்னணு முறையில் வந்த வரவில் 6 விழுக்காட்டை, ரொக்கமாக வந்ததில் 8 விழுக்காட்டை, குறைந்தபட்ச இலாபமாகக் காட்டலாம். விரிவான கணக்கேடுகள் கட்டாயமில்லை. செலவுகளைத் தனித்தனியே கழிக்கவும் இயலாது. என் வரவில் 6 விழுக்காடு 6,900 ரூபாய்தான். ஆனால் உண்மையில் ஈட்டியது அதைவிட அதிகமென்றால் அதிகமானதையே காட்டலாம் என்பதால் 32,000ஐக் காட்டினேன். இதற்குரிய படிவம் ஐடிஆர் 4. ஒருமுறை இவ்வழியில் காட்டியவர் அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் இதிலிருந்து விலகினால், அதன்பின் ஐந்தாண்டுகளுக்கு இதற்குத் திரும்ப முடியாது என்பதை நினைவில் வையுங்கள். புதிய வரிமுறையில் அந்த ஆண்டுக்கான அடிப்படை விலக்கு வரம்பு 3 லட்சம். 2025-26க்கு 4 லட்சம். சேவைத் தொழில்களுக்கு ஜிஎஸ்டி பதிவு பொதுவாக ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் தேவைப்படும். ஆக, எனக்கு வரியும் இல்லை, படிவம் தாக்கல் செய்யும் கட்டாயமும் இல்லை. தாக்கல் செய்ததற்குக் காரணம், நாளை வங்கிக் கடனுக்கோ வெளிநாட்டுக் கருத்தரங்கிற்கான விசாவுக்கோ வருமானச் சான்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டும் என்பதே.

படிவத்தில் இரண்டிடங்களில் என் துறை குறுக்கிட்டது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் மொழியில், வருமானம் ஈட்டும் ஆண்டுக்கு ‘முந்தைய ஆண்டு’ என்று பெயர். நாம் வாழ்ந்துகொண்டிருக்கும்போதே அந்த ஆண்டு முந்தையதாகிவிடுகிறது. காலம் காட்டும் சொற்களைப் பற்றிப் பாடம் நடத்துவோர் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு உரிய புதிய சட்டம் இந்தக் குழப்பத்தை நீக்கி ‘வரி ஆண்டு’ என்ற ஒரே சொல்லைக் கொண்டுவருகிறது.

இரண்டாவது, தொழில் குறியீட்டுப் பட்டியல். குழந்தைக் காப்பகத்தைத் தேடினேன். கிடைத்தது: 19002. ‘சமூகப் பணி’ என்னும் தலைப்பின்கீழ், அநாதை இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் அடுத்து. அதே தலைப்பில் தொழிற்சங்கங்களும் அரசியல் அமைப்புகளும் ரோட்டரி சங்கமும் இருக்கின்றன. மணிக்கு 18 ரூபாயைப் பார்த்தபோது, சமூகப் பணி என்ற வகைப்பாடு பொருத்தமானதாகவே தோன்றியது.

அந்த எண்ணைத் தெரிந்துகொண்ட பிறகு பழையபடி இருக்க முடியவில்லை. ஏப்ரலில் கட்டணத்தை 8,000 ஆக்க முடிவு செய்தேன். சொல்வதற்கு முன் இரண்டு இரவுகள் உறங்கவில்லை. அக்காவிடம் நோட்டையே கொடுத்துவிட்டேன். அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து கடைசி வரியில் நின்றார். “ஏன்டி, இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல? பணம் கஷ்டத்துல இருக்கயேன்னு, நான் ஒனக்கு ஒதவி பண்றதால்ல நெனச்சிட்டிருந்தேன்.” நானோ அவருக்கு உதவுவதாக நினைத்திருந்தேன். இருவரும் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டிருந்ததாக நம்பிய ஒன்பது மாதங்களில் விலை என்ற பேச்சே எழவில்லை. முதுநிலை ஆய்வு நல்கையாக மாதம் 42,000 பெறும் அவர் அந்த மாதமே 8,000 அனுப்பினார். குறிப்பில் ‘ஏப்ரல் கட்டணம்’ என்று இருந்தது.

மூன்றாவது குழந்தையின் தாய் விருந்தினர் விரிவுரையாளர். மானியக் குழு வகுத்த விதிப்படி பாடவேளைக்கு 1,500 ரூபாய். மாத உச்சவரம்பு 50,000. வகுப்பு இல்லாத மாதங்களில் வரவு இல்லை. அவரும் நோட்டைப் படித்தார். கணக்குச் சரி என்றார். கோடை விடுமுறை வரப்போகிறது, தம்மால் 8,000 இயலாது என்றார். பழைய கட்டணத்திலேயே தொடரலாம் என்றேன். “உனக்குத் தெரிந்துவிட்ட பிறகு என்னால் அந்தத் தொகையைத் தர முடியாது” என்றார் இந்தியில். இரண்டு வாரங்களில் குழந்தை பாட்னாவில் பாட்டியிடம் அனுப்பப்பட்டது. அவன் ‘தா’ என்ற தமிழ்ச் சொல்லை என்னிடம் கற்றிருந்தான். தன் தாயிடமும் அப்படியே கேட்பானாம்.

இதை எழுதாமல் விட்டிருந்தால் இந்தப் பதிவு ஒரு வெற்றிக் கதையாகியிருக்கும். என் கணக்கில் தவறு இல்லை. ஆனால் 5,000 ரூபாய்க் கட்டணத்தில் குறைந்திருந்த பங்கை அதுவரை நான் செலுத்திக்கொண்டிருந்தேன். உயர்த்தியதும் அந்தப் பங்கு அப்படியே இன்னொரு பெண்ணின் மடியில் போய் விழுந்தது. அதைச் சுமக்க வேண்டிய மூன்றாவது தரப்பு ஒன்று இருக்கிறது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்களில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும் என்றது. ஆய்வாளர்களோ பணியாளர்களாகக் கருதப்படுவதில்லை, மாணவர்கள். விருந்தினர் விரிவுரையாளர் அந்தப் பருவத்துக்கு மட்டும் வருபவர். நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள் இருக்கும் வளாகத்தில், அந்த ஐம்பதில் நாங்கள் எண்ணப்படுவதில்லை. விடுப்பாக 240 நாட்களை எண்ணத் தெரிந்த விதிமுறைகள், 241ஆம் நாளையும் எண்ணலாம். மாணவர் பேரவைகளும் ஆய்வாளர் சங்கங்களும் விடுதிக் கட்டணத்தோடு இந்தக் கோரிக்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இத்தகைய சிறுதொழிலைத் தொடங்க எண்ணும் நண்பர்களுக்குச் சில சொற்கள். நல்கை பெற்றுக்கொண்டிருப்போர் வேறு ஊதியப் பணி கூடாது என்ற நிபந்தனை தமக்கு உண்டா என்பதை முதலில் படித்துவிடுங்கள். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதிலிருந்து உங்களுக்கு மாதம் ஒருமுறை மட்டும் பணத்தை மாற்றுங்கள். பணம் அனுப்புவோரிடம் மாதத்தின் பெயரையும் ‘கட்டணம்’ என்ற சொல்லையும் எழுதச் சொல்லுங்கள். ஞாயிறு இரவில் அரைமணி நேரம் போதும். ஒன்பது மாதத்தைப் பின்னோக்கி எழுத எனக்குப் பதினோரு இரவுகள் ஆயின. கட்டணத்தைச் சொல்வதற்கு முன் செலவையும் நேரத்தையும் எழுதிப் பாருங்கள். சொன்ன பிறகு மாற்றுவது இருமடங்கு கடினம்.

ஜூலையில் புதிதாக ஒரு குழந்தை வந்தது. இப்போது மாதம் 24,000 வரவு. செலவு ஏறத்தாழ 8,000. மணிக்கு 80 ரூபாய் நிற்கிறது. குறைந்தபட்சக் கூலியை இன்னும் எட்டவில்லை. எஞ்சிய இரண்டு இயல்களில் ஒன்று முடிந்து நெறியாளரிடம் இருக்கிறது. நோட்டில் ஒவ்வொரு மாதமும் முதல் வரியாக ‘என் கூலி’ என்று எழுதிவிட்டுத்தான் மற்றவற்றை எழுதுகிறேன். அதற்கடுத்த வரியில், அப்பா சொல்லாமல் நானாகச் சேர்த்துக்கொண்ட ஒன்று: மாதம் 500 ரூபாய், தனியாக. பாட்னாவிலிருந்து அவன் திரும்பி வந்தால் அவனது கட்டணத்தில் குறைப்பதற்காக. அதைச் செலவு என்று எழுதுவதா, அன்பளிப்பு என்று எழுதுவதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.